பவர் கண்ணாடிக்கு ஆன்லைன் கடை: ஆப் போதுமா, சொந்தமாகக் கட்ட வேண்டுமா?

கூலிங் கிளாஸ் விற்கும் கடை இணையத்துக்கு வர ஒரு வாரம் போதும். படம், விலை, கார்ட், பணம், கூரியர் என்று வேலை முடிந்துவிடும். அதே கடைக்காரர் பவர் கண்ணாடியையும் அதே தளத்தில் விற்கக் கிளம்பும்போதுதான் எல்லாம் நின்றுபோகிறது. மாதச் சந்தா கட்டினால் லென்ஸ் ஆப் கிடைக்கிறது என்பார் ஒருவர். கடை மென்பொருளோடு ஒட்டும் துணைநிரலாக ஒரு பிளக்இன் எழுதிவிடலாம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் முழுத் தளத்தையும் புதிதாகக் கட்டச் சொல்வார். மூவர் காட்டும் டெமோவும் ஒரே மாதிரி இருக்கும்: ஃபிரேமைத் தேர்ந்தெடு, லென்ஸைத் தேர்ந்தெடு, பவரைப் போடு, பணம் கட்டு. என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த டெமோக்களைப் பார்த்துவிட்டுக் குழம்பியவர்கள்தாம்.

கண்ணாடிக் கடைகளுக்கு மென்பொருள் எழுதிவருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கும் திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பணம் வந்த நிமிடத்திலிருந்து லேபில் லென்ஸ் வெட்டப்படும் நிமிடம் வரை வாடிக்கையாளரின் பவர் சீட்டு, அதாவது கண் பரிசோதனையில் எழுதித் தந்த எண்கள், எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, யார் அதைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். இந்த மூன்றோடு, பாதி சொந்தம், பாதி வாடகை என்ற வழியும் உண்டு. நான்கு வழிகளும் பிரிவது அந்த இடத்தில்தான்.

## ஏன் இது சட்டை விற்பது போல் இல்லை

சட்டைக்கு ஐந்து அளவு, ஆறு நிறம் என்றால் முப்பது வேரியன்ட். பவருக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்ஃபியர் எண், அதாவது லென்ஸின் அடிப்படைப் பவர், 0.25 படிகளில் ஏறி இறங்கும். மைனஸ் 12.00 முதல் பிளஸ் 8.00 வரை மட்டும் எடுத்தாலே 81 எண்கள். சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் சேரும் பவர், 0.25 முதல் 6.00 வரை 24 எண்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும், அது எந்தக் கோணத்தில் என்று சொல்லும் ஆக்ஸிஸ் 1 முதல் 180 டிகிரி வரை. சிலிண்டரே இல்லாத ஒரு நிலையையும் சேர்த்தால் 4,321. அதை 81ஆல் பெருக்கினால் 3,50,001. இது ஒரு கண்ணுக்கு. இரு கண்ணும் சேர்ந்தால் 12,000 கோடியைத் தாண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் படிக்கச் சேர்க்கும் ஆட் பவர், பிடி எனப்படும் கருவிழி இடைவெளி, காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும் பிரிசம் எதையும் இன்னும் தொடவில்லை.

இணையக் கடைகளுக்கான ஆயத்த மேடையான ஷாப்பிஃபையில் ஒரு பொருளுக்கு நெடுங்காலம் 100 வேரியன்ட்தான் எல்லை. பிறகு அது 2,000க்குச் சற்று மேலாக உயர்ந்தது. எவ்வளவு உயர்த்தினாலும் பவரை வேரியன்ட்டாக வைக்க முடியாது என்பது மேலே உள்ள கணக்கிலேயே தெரிகிறது. ஆகவே எந்த வழியில் போனாலும் பவர் என்பது பொருளோடு ஒட்டாத, ஆர்டரோடு ஒட்டிய தனித் தகவல். அந்தத் தகவலை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் மீதிக் கட்டுரை.

## எடைபோடும் அளவுகோல்கள்

### சீட்டு எந்த வடிவில் தங்குகிறது

"வலது -2.25 / -0.75 x 90" என்று ஒரே வரியாகச் சேமித்தால் மனிதர் படிக்கலாம், கணினியால் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனிக் கட்டத்தில், எண்ணாகவே இருக்க வேண்டும். அதோடு மூன்று பதிவுகள் தனித்தனியாக இருக்க வேண்டும்: வாடிக்கையாளர் அனுப்பிய படம், அவர் தட்டிய எண்கள், நம் ஆப்டிஷியன் (சீட்டைப் பார்த்துக் கண்ணாடி செய்து பொருத்தும் நிபுணர்) சரிபார்த்து ஒப்புக்கொண்ட எண்கள். ஒன்றின் மேல் ஒன்றை எழுதி அழித்துவிட்டால், கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வரும்போது தவறு எங்கே நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. சில மருத்துவர்கள் சிலிண்டரை மைனஸில் எழுதுவார்கள், சிலர் பிளஸில். ஸ்ஃபியர் +1.00, சிலிண்டர் -2.00, ஆக்ஸிஸ் 180 என்று ஒரு சீட்டு. ஸ்ஃபியர் -1.00, சிலிண்டர் +2.00, ஆக்ஸிஸ் 90 என்று இன்னொரு சீட்டு. இரண்டும் ஒரே லென்ஸ். மாற்றும்போது மூன்று எண்களும் சேர்ந்து மாற வேண்டும். சிலிண்டரில் மைனஸ் மட்டுமே ஏற்கும் படிவத்தில், பிளஸ் சீட்டு வைத்திருப்பவர் குறியை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார். பிழைச்செய்தி எதுவும் வராது. சீட்டில் உள்ளதை உள்ளபடியே தட்டவிட்டு, பின்னால் நாமே மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

### விதிகள் எங்கே எழுதப்படுகின்றன

ஒவ்வொரு எண்ணும் தனியே சரியாக இருந்து, மொத்தமாகத் தவறாக இருக்கலாம். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் வலது கண் -3.25, இடது கண் +3.25 என்று ஓர் ஆர்டர் வந்தது. இரண்டும் அனுமதிக்கப்பட்ட எண்களே. கணினி ஏற்றது, லேப் வெட்டியது, கூரியர் போனது. புதுக் கண்ணாடி பழக நாளாகும் போலிருக்கிறது என்று அந்த அம்மா இரண்டு நாள் தலைவலியோடு அதைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு கண்ணுக்கு மைனஸ், மற்றதற்குப் பிளஸ் என்று வந்தால் நிறுத்திக் கேள் என்ற ஒற்றை வரி விதி இல்லாததன் விளைவு அது. பிறவியிலேயே அப்படிப் பவர் இருப்பவர்களும் உண்டு என்பதால் ஆர்டரை மறுக்கக் கூடாது, ஒரு மனிதர் பார்க்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும்.

இந்த வகை விதிகள் நிறைய உண்டு. சிலிண்டர் இருந்தால் ஆக்ஸிஸ் இருக்க வேண்டும். ஆட் பவர் பெரும்பாலும் இரு கண்ணுக்கும் ஒன்றே. "தூரம் மங்கலாகத் தெரிகிறதா, பக்கம் மங்கலாகத் தெரிகிறதா?" என்று முதலில் கேட்டு வைத்தால், தூரம் மங்கல் என்று சொல்லிவிட்டு பிளஸ் எண் தட்டுபவரை அங்கேயே பிடிக்கலாம். குறிக்கு இயல்புநிலைத் தேர்வு வைக்கவே கூடாது. பிளஸா மைனஸா என்று அவரே தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபிரேம் சார்ந்த விதிகள் இன்னும் கடினம். காதில் மாட்டும் காம்பில் 52, 18 என்று அச்சிட்டிருந்தால் லென்ஸ் அகலம் 52 மி.மீ., மூக்குப் பாலம் 18 மி.மீ. கூட்டினால் 70. போடுபவரின் பிடி 60 என்றால் ஒவ்வொரு லென்ஸின் மையமும் 5 மி.மீ. உள்ளே நகர வேண்டும். லென்ஸ் வடிவத்தின் நீண்ட விட்டம் 54 என்றால், 54 கூட்டல் 10, வெட்டுவதற்கு 2 சேர்த்து 66 மி.மீ. வட்ட லென்ஸ் தேவை. இது கிடைக்கும். அதே மனிதர் 58, 16 அளவுள்ள பெரிய ஃபிரேமை எடுத்தால், விட்டம் 62 என்று வைத்துக்கொண்டாலும் 78 மி.மீ. வந்துவிடுகிறது. சாதாரணமாகக் கையிருப்பில் வரும் 70, 75 மி.மீ. லென்ஸில் இது வராது. பணம் வாங்கிய பிறகு லேப் கூப்பிட்டுச் சொல்வதற்கு முன், திரையிலேயே இது தெரிந்திருக்க வேண்டும். தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸில் பவர் மாறிவரும் புரோகிரெசிவ் லென்ஸுக்கு உயரமும் சேரும். கருவிழிக்குக் கீழே 18 மி.மீ. கேட்கும் டிசைனை 26 மி.மீ. உயரமுள்ள குட்டி ஃபிரேமில் வைத்தால் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

யாரும் பட்ஜெட்டில் போடாத செலவு ஒன்று இங்கே இருக்கிறது. லென்ஸ் அகலமும் பாலமும் காம்பில் இருக்கும். உயரமும் நீண்ட விட்டமும் இருக்காது. முந்நூறு ஃபிரேம் விற்றால் முந்நூறையும் யாரோ உட்கார்ந்து அளக்க வேண்டும். எந்த ஆப் வாங்கினாலும் இந்த வேலை நம் தலையில்தான்.

பிடி விஷயத்தில் ஒரே கண்டிப்பு எல்லோருக்கும் வேண்டியதில்லை. மையம் விலகினால் வரும் பிரிசம், விலகிய சென்டிமீட்டரைப் பவரால் பெருக்கினால் கிடைக்கும். மொத்தம் 4 மி.மீ. தவறினால், பவர் 1.00 உள்ளவருக்கு 0.4 பிரிசம், பவர் 6.00 உள்ளவருக்கு 2.4. முதலாமவர் உணரவே மாட்டார். இரண்டாமவருக்குக் கண் இழுக்கும். ஆகவே பவர் ஏற ஏற பிடி கேட்கும் முறையும் இறுக வேண்டும். கம்மிப் பவருக்கு அட்டையை நெற்றியில் வைத்து எடுத்த செல்ஃபி போதும்; வங்கி அட்டை உலகெங்கும் 85.60 மி.மீ. அகலம் என்பதால் அது நல்ல அளவுகோல். அதிகப் பவருக்கும் புரோகிரெசிவுக்கும் இரு கண்ணுக்கும் தனித்தனிப் பிடி கேட்க வேண்டும்.

### மற்றவை, சுருக்கமாக

விலை: ஃபிரேம், லென்ஸ் வகை, இண்டெக்ஸ் (லென்ஸ் எவ்வளவு மெல்லியதாக வரும் என்பதைக் காட்டும் எண்), கோட்டிங் எல்லாம் கூடி விலையாகிறது. எல்லா லேபும் எல்லா இண்டெக்ஸிலும் எல்லா கோட்டிங்கும் தருவதில்லை, அதனால் கிடைக்காத சேர்க்கையைத் திரை காட்டவே கூடாது.

ஆர்டரின் நிலைகள்: சாதாரணக் கடைக்குப் "பணம் வந்தது, அனுப்பியாயிற்று" போதும். நமக்குச் சீட்டுச் சரிபார்ப்பு, வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு, லேபில், ஃபிட்டிங், லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸ்மீட்டரில் சோதனை, மறுபடி செய்வது என்று நடுவில் ஆறேழு நிலைகள்.

தனியுரிமையும் சட்டமும்: பவர் சீட்டு உடல்நலத் தகவல். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அத்தகைய தகவலுக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பிரிட்டனில் 16 வயதுக்கு உட்பட்டவருக்குக் கண்ணாடி விற்கப் பதிவுபெற்றவரின் மேற்பார்வை வேண்டும். அமெரிக்காவில் பரிசோதனை முடிந்ததும் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு, ஆனால் கூட்டாட்சி விதி அதில் பிடி எழுதச் சொல்லவில்லை. விற்கும் நாட்டுக்கு ஏற்ப விதிகளை மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேமராவில் ஃபிரேமை மாட்டிப் பார்க்கும் வசதியை நான் அளவுகோலாகவே எடுக்கவில்லை. நான்கு வழியிலும் அதைப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

## எல்லாவற்றுக்கும் முன் ஒரு வழி: முதலில் பணம், பிறகு சீட்டு

இதை யாரும் விற்பதில்லை, அதனால் யாரும் பேசுவதில்லை. ஃபிரேமையும் "தூரம்", "படிக்க", "புரோகிரெசிவ்" என்ற லென்ஸ் தொகுப்பையும் சாதாரண வேரியன்ட்டாக வைத்துப் பணம் வாங்கிவிட்டு, சீட்டைப் படமெடுத்து அனுப்ப ஒரு பாதுகாப்பான இணைப்பைக் கொடுப்பது. எண்களை வாடிக்கையாளர் தட்டுவதே இல்லை; ஆப்டிஷியன் படத்தைப் பார்த்துப் பதிகிறார். தட்டச்சுப் பிழைகளில் பெரும்பகுதி இதிலேயே ஒழிகிறது.

மறைமுகச் செலவு, சீட்டை அனுப்ப மறப்பவர்கள். அந்த ஃபிரேம் கையிருப்பில் இருந்தும் இல்லாதது போல் முடங்கும். பணத்தைப் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்று நினைத்தால், கார்டில் அப்படிப் பிடித்து வைப்பது ஏறக்குறைய ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும். இன்னொன்று, பவர் அதிகமானவருக்கு மெல்லிய லென்ஸ் தேவை என்று பிறகு தெரிந்தால் கூடுதல் பணம் கேட்க வேண்டி வரும். தொகுப்பு விலையிலேயே ஒரு பவர் எல்லையை எழுதி வைப்பது நல்லது.

வரும் சீட்டுகளையெல்லாம் ஒரே ஆப்டிஷியன் கண்ணால் பார்த்துவிடும் அளவுக்குத்தான் ஆர்டர் வருகிறது என்றால் இங்கேயே நில்லுங்கள். கீழே உள்ள நான்கும் இப்போது வேண்டாம்.

## வழி 1: ஆயத்த மேடையும் லென்ஸ் ஆப்பும்

ஷாப்பிஃபை போன்ற மேடையில் கடை, அதன் மேல் சந்தா கட்டி ஒரு லென்ஸ் ஆப். நிறுவிய சில நாளில் விற்கத் தொடங்கலாம். பணம், வரி, கூப்பன், திருப்பித் தருவது, சர்வர் பராமரிப்பு எதைப் பற்றியும் கவலையில்லை.

கார்ட்டில் உள்ள பொருளோடு கூடுதல் தகவலை ஒட்டி அனுப்ப ஷாப்பிஃபை வசதி தருகிறது. அந்தத் தகவல் எழுத்து மட்டும், விலையைத் தொடாது. அதனால் இந்த ஆப்கள் பலவும் லென்ஸை மறைவான தனிப் பொருளாக உருவாக்கி, ஃபிரேமோடு இரண்டாவது வரியாகக் கார்ட்டில் போடுகின்றன. பெரும்பாலான தொல்லைகள் இந்த இரண்டாவது வரியிலிருந்துதான். வாடிக்கையாளர் ஃபிரேமை நீக்கினால் லென்ஸ் அநாதையாகக் கார்ட்டில் நிற்கும். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற சலுகை லென்ஸையும் ஒரு பொருளாக எண்ணிவிடும். இரண்டு ஜோடி வாங்கினால் எந்த லென்ஸ் எந்த ஃபிரேமுக்கு என்பது குழம்பும். ஆப்பைப் பரிசோதிக்கும்போது இந்த மூன்றையும் செய்து பாருங்கள். விற்பனையாளர் டெமோவில் இவை வராது. இரண்டு வரிகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் வசதி மேடையில் வந்திருக்கிறது, உங்கள் ஆப் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வி: சீட்டுகள் யாருடைய சர்வரில்? ஆப் நடத்துபவரின் சர்வரில் என்றால், சந்தாவை நிறுத்தும் நாளில் பழைய வாடிக்கையாளரின் பவர்களை ஒழுங்கான கோப்பாக எடுக்க முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வரும் வாடிக்கையாளருக்குப் பழைய பவரைக் காட்ட முடிவதுதான் இந்தத் தொழிலின் பெரிய சொத்து.

விதிகளைப் பொறுத்தவரை, எண் எல்லைகளை ஆப் பார்த்துக்கொள்ளும். ஃபிரேம் அளவையும் பிடியையும் சேர்த்துக் கணக்கிடும் ஆப் அரிது. அதைக் கையால் பார்க்க ஆள் இருந்தால் இந்த வழி நல்ல வழிதான். ஒற்றைப் பவர் லென்ஸ், மிதமான பவர், நாற்பது ஐம்பது ஃபிரேம் என்று இருக்கும் கடைக்கு இதற்கு மேல் தேவையில்லை.

## வழி 2: திறமூலக் கடையில் சொந்த பிளக்இன்

வேர்ட்பிரஸ் மேல் ஓடும் வூகாமர்ஸ், அல்லது மெஜென்டோ. கடையின் குறிமுறை நம் கையில் இருப்பதால் கார்ட் தொகையைக் கணக்கிடும் இடத்திலேயே லென்ஸ் விலையைக் கூட்டிவிடலாம். ஃபிரேமும் லென்ஸும் ஒரே வரி. மெஜென்டோவில் விலையோடு கூடிய விருப்பங்களும் கோப்பு ஏற்றும் கட்டமும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஃபிரேம் அளவு விதிகளை எழுதத் தடை ஏதுமில்லை. சீட்டுக்குத் தனி அட்டவணை போட்டு எண்ணாகவே சேமிக்கலாம். காகிதத்தில் பார்த்தால் இதுதான் மலிவான முழுத்தீர்வு. எனக்கு இதில் தயக்கம் உண்டு, காரணம் பராமரிப்பு.

வூகாமர்ஸ் நெடுங்காலமாக ஆர்டர்களை வேர்ட்பிரஸின் பதிவு அட்டவணையில் வைத்திருந்தது. 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பு முதல், புதிய கடைகளுக்கு ஆர்டர்களுக்கென்று தனி அட்டவணை இயல்பானது. பழைய அட்டவணையை நேராகத் தொட்டு எழுதிய பிளக்இன்கள் எல்லாம் திருத்தப்பட வேண்டியிருந்தது. அதே காலத்தில் செக்அவுட் திரையும் பிளாக் முறைக்கு மாறியது. பழைய திரையில் கட்டம் சேர்த்த பிளக்இன்கள் புதியதில் வேலை செய்யவில்லை. மெஜென்டோவின் முதல் தலைமுறைக்கு ஆதரவு 2020 ஜூனில் நின்றபோது, பல கடைகள் கிட்டத்தட்டப் புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. பிளக்இன் எழுதிக் கொடுத்தவர் அப்போதும் நம்மோடு இருப்பாரா என்பதுதான் இந்த வழியின் உண்மை விலை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் தளத்தில் ஏற்றப்படும் கோப்புகள் போகும் அடைவு, இயல்பாகவே இணையத்தில் எவரும் திறக்கக்கூடியது. முகவரி தெரிந்தால் போதும். அவசரத்தில் எழுதிய சீட்டு ஏற்றும் படிவங்கள் மருத்துவமனைப் பெயரும் நோயாளி பெயரும் வயதும் உள்ள படங்களை அங்கே கொட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சீட்டுப் படங்கள் வெளியே தெரியாத இடத்தில் இருக்க வேண்டும். பார்க்க உரிமை உள்ளவருக்குச் சில நிமிடங்களில் காலாவதியாகும் இணைப்பாகத்தான் திறக்க வேண்டும்.

ஏற்கெனவே வூகாமர்ஸில் நன்றாக நடக்கும் கடை, கையில் நிரந்தரமான ஒரு டெவலப்பர், ஆண்டுதோறும் திருத்தச் செலவுக்கு ஒதுக்கிய பணம். மூன்றும் இருந்தால் இது நல்ல தேர்வு. ஒன்று குறைந்தாலும் வழி 1 மேல்.

## வழி 3: சீட்டும் விதிகளும் சொந்தம், கார்ட்டும் பணமும் வாடகை

லென்ஸ் தேர்வுத் திரைகள், சீட்டுச் சேமிப்பு, விதிகள், சரிபார்ப்பு மேசை இவை நம்முடைய தனிச் செயலி. பொருள் பட்டியல், கார்ட், செக்அவுட், பணம், வரி இவை ஆயத்த மேடையினுடையவை. ஏபிஐ வழியாக இரண்டும் பேசிக்கொள்ளும். கார்ட்டுக்குப் போவது ஒரு குறிப்பெண்ணும் விலையும் மட்டும். பவர் எண்கள் லேபுக்கு அன்றி நம் தரவுத்தளத்தை விட்டு வெளியே போவதே இல்லை. ஆர்டர் உறுதி மின்னஞ்சலிலும் கூரியர் சீட்டிலும் விளம்பரக் கணக்கீட்டிலும் ஒருவரின் கண் பவர் தவறிப்போய் ஒட்டிக்கொள்ளாது. கார்டு எண்ணும் நம் பக்கம் வராது, அதற்கான பாதுகாப்புத் தணிக்கைச் சுமை மேடையோடு போகிறது.

வளரும் கடைகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். கூப்பனும் திருப்பித் தருவதும் எல்லாக் கடைக்கும் ஒன்று, ஆயிரம் பேர் ஏற்கெனவே செய்து முடித்தது. பிடியும் ஃபிரேம் விட்டமும் நம் தொழிலுக்கு மட்டும் உரியவை. நம் உழைப்பு அங்கேதான் போக வேண்டும். மேடையை நாளை மாற்றினாலும் சீட்டும் விதிகளும் நம்மோடு வரும்.

செலவுகளை மறைக்க மாட்டேன். முதலாவது, விலை. உலாவியில் கணக்கிட்ட விலையை நம்பக் கூடாது. நம் சர்வர் மறுபடி கணக்கிட்டுத்தான் கார்ட்டுக்கு அனுப்ப வேண்டும். நாம் சொல்லும் விலையை ஏற்க மேடை என்ன வழி தருகிறது, எந்தத் திட்டத்தில் தருகிறது என்பதைக் கட்டத் தொடங்கும் முன் பாருங்கள். சில வசதிகள் உயர் திட்டத்தில் மட்டும் கிடைக்கும், அப்போது மாதச் செலவு தாவிவிடும்.

இரண்டாவது, இரு பக்கமும் ஒத்துப்போவது. "பணம் வந்துவிட்டது" என்ற அறிவிப்பை மேடை இருமுறை அனுப்பலாம், தாமதமாக அனுப்பலாம், அனுப்பாமலும் போகலாம். இருமுறை வந்தால் லேபுக்கு இரண்டு ஜோடி போகக் கூடாது. வராமல் போனால் அன்றிரவே கண்டுபிடிக்க ஓர் ஒப்புநோக்கும் வேலை ஓட வேண்டும். முதல் மூன்று மாதம் வேலையின் பெரும்பங்கு இதில் போகும். யாரும் அதைத் திட்ட அட்டவணையில் எழுதுவதில்லை.

மூன்றாவது, சரிபார்ப்பு மேசை. வாடிக்கையாளர் பார்க்கும் திரைக்கு ஆகும் அதே அளவு உழைப்பு ஆப்டிஷியன் பார்க்கும் திரைக்கும் வேண்டும். இடப்பக்கம் படம், வலப்பக்கம் எண்கள், படத்தைத் திருப்பவும் பெரிதாக்கவும் பொத்தான், சந்தேகமானால் ஒரே தட்டில் வாடிக்கையாளருக்குக் கேள்வி. இந்தத் திரை நன்றாக இல்லாவிட்டால் ஆப்டிஷியன் பார்க்காமலே ஒப்புதல் போடத் தொடங்கிவிடுவார், மற்றதெல்லாம் வீண். எழுத்தைப் படிக்கும் மென்பொருள் படத்திலிருந்து எண்களை எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் கையெழுத்தில் மைனஸ் ஒரு சிறு கோடு, 0.75 என்பதைப் புள்ளியில்லாமல் 75 என்று எழுதுவோர் உண்டு. எடுத்துக் கொடுப்பது கணினி, ஒப்புவது மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 4: அடியிலிருந்து எல்லாம் சொந்தம்

நேரடிக் கடைகளும் இணையமும் ஒரே கையிருப்பில் ஓட வேண்டும், சொந்த லேப் இருக்கிறது, கண் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். இவை சேர்ந்து இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். லேப் இயந்திரங்களோடு பேசத் தொழில்துறைக்கென்று ஒரு பொதுத் தரவு வடிவம் உண்டு; ஃபிரேமின் வடிவத்தைத் தடம் எடுக்கும் கருவியும் லென்ஸ் வெட்டும் இயந்திரமும் அதைப் பேசுகின்றன. ஃபிரேம் அளவைக் கையால் அளந்து தட்டும் வேலை அங்கே மறையும். அது பெரிய லாபம்.

மற்றவர்களுக்கு இது வேண்டாம். தோல்வியடைந்த பணம், பாதி திருப்பித் தருவது, வரி மாற்றம், மோசடி கார்டு, ரசீது எண் வரிசை என்று கண்ணாடிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இரண்டு வருடம் போய்விடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆயத்த ஆப் | சொந்த பிளக்இன் | பாதி சொந்தம் | முழுக்கச் சொந்தம் |
|---|---|---|---|---|
| தொடங்க ஆகும் காலம் | நாட்கள் | சில மாதங்கள் | சில மாதங்கள் | வருடக் கணக்கு |
| சீட்டு யார் கையில் | பெரும்பாலும் ஆப் நடத்துபவர் | நம் கையில், கடைத் தரவோடு கலந்து | நம் கையில், தனியே | நம் கையில் |
| ஃபிரேம், பிடி விதிகள் | அரிது | எழுதலாம் | எழுதலாம், மாற்றுவது எளிது | எழுதலாம் |
| ஒரே வரியில் ஜோடி விலை | ஆப்பைப் பொறுத்தது | ஆம் | மேடையின் திட்டத்தைப் பொறுத்தது | ஆம் |
| ஆப்டிஷியன் சரிபார்ப்புத் திரை | இருந்தாலும் எளிமையானது | கட்ட வேண்டும் | கட்ட வேண்டும் | கட்ட வேண்டும் |
| மறைமுகச் செலவு | அநாதை லென்ஸ், தரவு வெளியேற்றம் | பதிப்பு மாற்றம், திறந்து கிடக்கும் கோப்புகள் | இரு அமைப்பும் ஒத்துப்போவது | கண்ணாடிக்குச் சம்பந்தமில்லாத எல்லாம் |
| நிரந்தர டெவலப்பர் | வேண்டாம் | ஒருவர் | ஒருவர் அல்லது இருவர் | குழு |

## யாருக்கு எது மாறும்

முதல் வழியிலிருந்து மூன்றாவதுக்கு எப்போது போவது என்று கேட்பார்கள். ஆர்டர் எண்ணிக்கையை நான் அடையாளமாக எடுப்பதில்லை. மூன்று அறிகுறிகளைப் பாருங்கள். மறுபடி செய்து கொடுக்கும் ஜோடிகளுக்குக் காரணம் லேபின் தவறு அல்லாமல் தவறான எண் அல்லது பொருந்தாத ஃபிரேமாக இருந்தால் விதிகள் போதவில்லை. புரோகிரெசிவ் விற்பனை கூடினால் உயரமும் தனித்தனிப் பிடியும் அவசியமாகிவிட்டது. ஆப்டிஷியன் ஆர்டர் எண்ணையும் பவரையும் தனி விரிதாளில் நகலெடுத்து வைக்கத் தொடங்கியிருந்தால், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு சொந்த அமைப்பு இருக்கிறது, அது மோசமான அமைப்பு.

திருப்பி எடுக்கும் கொள்கையும் தேர்வைப் பாதிக்கும். ஒருவர் அளவுக்கென்று செய்த பொருளைத் திருப்பி எடுக்கக் கட்டாயமில்லை என்று ஐரோப்பிய நுகர்வோர் சட்டம் போன்றவை விலக்கு தருகின்றன. ஆனாலும் போட்டியால் பல கடைகள் எடுத்துக்கொள்கின்றன. அப்படி எடுத்தால் ஃபிரேம் மறுபடி கையிருப்புக்குப் போகும், லென்ஸ் குப்பைக்குப் போகும். இரண்டையும் ஒரே வரியாக விற்ற அமைப்பில் இந்தப் பிரிப்புக்கு வழி வேண்டும். வழி 2இல் இது மறந்துபோய், திரும்பி வந்த ஃபிரேம்கள் கணக்கில் ஏறாமலே அலமாரியில் சேர்வதைப் பார்க்கலாம்.

## கையெழுத்திடும் முன் ஒரு சோதனை

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஒப்பந்தத்துக்கு முன் கடையின் பழைய சீட்டுகளில் ஐம்பதை எடுங்கள். பெயர், வயது, தொலைபேசி எண்ணை மறைத்துவிடுங்கள். பிளஸ் சிலிண்டர் சீட்டு, சிலிண்டரே இல்லாத சீட்டு, பிரிசம் உள்ளது, ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் உள்ளது, புள்ளியில்லாமல் எழுதியது, வலதும் இடதும் எது என்று தெரியாதது, கசங்கியது எல்லாம் கலந்து இருக்கட்டும். தொழில் தெரியாத நான்கைந்து பேரிடம் கொடுத்து, பரிசோதனைத் தளத்தில் தங்கள் கைபேசியிலிருந்து ஆர்டர் போடச் சொல்லுங்கள். அருகில் உட்காருங்கள், உதவாதீர்கள்.

பிறகு லேபுக்குப் போகும் தாளை எடுத்து, மூலச் சீட்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். தவறாகப் போனவை எத்தனை என்பதோடு, அவற்றில் எத்தனையை அமைப்பு தானே நிறுத்தியது என்பதையும் எண்ணுங்கள். தவறு பத்து, நிறுத்தியது ஒன்பது என்றால் அந்த அமைப்போடு வாழலாம். தவறு மூன்றே, ஒன்றையும் நிறுத்தவில்லை என்றால் கையெழுத்திடாதீர்கள்.